உடையார்குடிக் கல்லும் கொலையாளியின் இரு பெயர்களும்



இவ்வாரம் உங்களோடு தியானிக்க நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கொலை வழக்கு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய வழக்கு. அதைக் கதையாக நீங்கள் அனைவரும் அறிவீர்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடராக வந்தபோது படித்த தலைமுறை உண்டு. 2022-லும் 2023-லும் இரு பாகத் திரைப்படமாக வந்தபோது பார்த்த தலைமுறையும் உண்டு. இவ்விரு தலைமுறைகளும் கேட்ட கேள்வி ஒன்றே: ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

நம் பகுதியாருக்கு இக்கேள்வி தொலைவிலுள்ள கேள்வியன்று. அரியலூரிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் கீழப்பழுவூரைக் கடக்காத பெரம்பலூர், அரியலூர்க்காரர் எவரேனும் உண்டோ? கதையில் வரும் பழுவேட்டரையர்களின் ஊர் அதுவே. கீழப்பழுவூரின் ஆலந்துறையார் கோயிலும், மேலப்பழுவூர்ப் பகுதியின் இரட்டைக் கோயிலும் அக்குறுநில மன்னர்களின் கல்வெட்டுகளைத் தாங்கி இன்றும் நிற்கின்றன. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து மீன்சுருட்டியைக் கடந்து கிழக்கே சென்றால் காட்டுமன்னார்கோயில்; அதன் உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில். அக்கோயிலின் சுவரில்தான் இவ்வழக்கின் உண்மையான சாட்சி கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

கதை சொல்வதையும் கல் சொல்வதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, மனிதன் தன் குற்றத்தை எங்கே ஒளித்துவைக்கிறான் என்பதும், சமூகம் அக்குற்றத்தை யார் தலையில் ஏற்றுகிறது என்பதும் வெளிப்படுகின்றன. இவ்விரண்டையும் குறித்து வேதம் என்ன சொல்கிறது என்று ஆராய்வோம்.

முதலில் கதை. கல்கி தம் நாவலில் ஏறத்தாழ ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் இரண்டு முகங்களைக் கொடுத்திருக்கிறார். நந்தினி வெளியே பழுவூர் இளைய ராணி. உள்ளே வீரபாண்டியனின் சாவுக்குப் பழிதீர்க்கச் சபதமேற்றவள். ரவிதாசன் வெளியே மந்திரவாதி; உள்ளே பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளின் தலைவன். பெரிய பழுவேட்டரையர் சோழப் பேரரசின் தூண். அதே வேளையில் அரியணை உரிமையை மாற்றியமைக்க நடக்கும் சதியாலோசனையின் நடுநாயகம். கடம்பூர் மாளிகையில் இளவரசன் மாளும் அந்த இருண்ட அறையில் ஒருவருக்கு மேற்பட்டோர் இருக்கின்றனர். ஒருவருக்கு மேற்பட்டோரிடம் கொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. பின்னர்ப் பெரிய பழுவேட்டரையர் அதைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். எனினும், கொன்ற கை யாருடையது என்பதைக் கல்கி ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லவில்லை.

மர்மக் கதைக்கு இது அழகு. வாசகனை இறுதிவரை ஈர்க்கும் உத்தி. ஆனால் பலரிடம் பரவிய குற்றம் யாரிடமும் முழுமையாகத் தங்குவதில்லை என்னும் எண்ணத்தையும் அது நம் மனதில் விட்டுச் செல்கிறது. சந்தர்ப்பம் கொன்றது, விதி கொன்றது, சூழ்ச்சி கொன்றது என்று சொல்லி நூலை மூடிவிடுகிறோம்.

இப்போது கல்லிடம் வருவோம். ஆதித்த கரிகாலன் சுந்தர சோழனின் மூத்த மகன். வீரபாண்டியனின் தலையைக் கொண்டவன் என்னும் பட்டம் பூண்டவன். ஏறத்தாழ 969-ஆம் ஆண்டில் அவன் மாண்டான். அவனுக்குப் பின் அரியணை அவன் தம்பி அருண்மொழிக்குச் செல்லவில்லை. சிற்றப்பனாகிய உத்தம சோழனுக்குச் சென்றது. 985-ல்தான் அருண்மொழி இராசராசனாக முடிசூடினான். பிற்காலத்தில் இராசேந்திர சோழன் வெளியிட்ட திருவாலங்காட்டுச் செப்பேடு ஆதித்தனின் மரணத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் கொலை என்று சொல்லவில்லை. விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் அவன் மறைந்தான் என்று கவிநயத்தோடு கடந்து செல்கிறது. அரண்மனைப் புலவர் சொல்லாமல் விட்டதை உடையார்குடிக் கல் சொல்கிறது.

இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததென அறிஞர் பலர் கொள்ளும் அக்கல்வெட்டு, கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சிலரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சோமன், அவன் தம்பி ரவிதாசன், அவன் தம்பி பரமேசுவரன். கதையில் மந்திரவாதியாக வருகிற ரவிதாசன் உண்மையில் வாழ்ந்தவன்.

அப்பெயர்களை ஊன்றிப் பாருங்கள். ரவிதாசன் வெறும் ரவிதாசன் அல்லன். அவனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்னும் பட்டப்பெயர் உண்டு. பரமேசுவரன் வெறும் பரமேசுவரன் அல்லன். அவன் இருமுடிச்சோழ பிரமாதிராசன். பிரமாதிராசன் என்பது அக்காலத்தில் அரசுப் பணியில் உயர்ந்த நிலையிலிருந்த அந்தணருக்கு வழங்கப்பட்ட பட்டம். ஆகவே, இவர்கள் வெளியிலிருந்து வந்த கொள்ளையர் அல்லர். அரசின் மதிப்பைப் பெற்றவர்கள். பஞ்சவன் என்பது பாண்டியரைக் குறிக்கும் சொல். அதைக் கொண்டு ரவிதாசன் பாண்டியனின் ஆள் என்று கருதியவர் உண்டு. கல்கியின் கதையும் அவ்வழியே செல்கிறது. ஆயினும் பாண்டியரை வென்ற சோழரும் அச்சொல்லைப் பட்டங்களில் வழங்கினர். இராசராசனின் தேவியருள் ஒருத்தியின் பெயரே பஞ்சவன் மாதேவி. எனவே பட்டத்தைக் கொண்டு மட்டும் நோக்கத்தை உறுதிசெய்ய இயலாது. ஒரே தாய்வயிற்று மக்களில் ஒருவன் பாண்டியனைச் சுட்டும் பட்டத்தையும், மற்றவன் சோழனைச் சுட்டும் பட்டத்தையும் தாங்கி நின்றார்கள் என்பது மட்டும் கல்லில் தெளிவாக இருக்கிறது.

‘ஆன’ என்னும் ஒரு சிறு சொல்லால் கல்வெட்டு அவ்விரு பெயர்களையும் இணைக்கிறது. ரவிதாசன் ஆன பஞ்சவன் பிரமாதிராசன். பட்டம் பெற்ற அதிகாரி ஒருவன், கொலை செய்தவன் வேறொருவன் என்று அது பிரிக்கவில்லை. மதிப்புக்குரிய பெயரையும் வீட்டுப் பெயரையும் சேர்த்து எழுதி, இவ்விரண்டும் ஒருவனே, இவனே துரோகி என்கிறது. இந்த அளவில் கல்லின் நீதி நேர்மையானது.

பெயரைப் பிரித்துக்கொண்டால் குற்றத்தையும் பிரித்துவிடலாம் என்பது மனிதனின் பழைய ஆசை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிராடி என்றொருவர் இருந்தார். பகலில் மதிப்புக்குரிய தச்சுத் தொழில் தலைவர், நகர மன்ற உறுப்பினர். இரவில் கன்னமிடும் திருடர். 1788-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே நகரில், கண்டிப்பான கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் மனதை அவ்வரலாறு பெரிதும் ஆட்கொண்டது. 1886-ல் அவர் எழுதிய டாக்டர் ஜெக்கில், மிஸ்டர் ஹைட் கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மதிப்புள்ள மருத்துவர் ஒரு மருந்தை அருந்திக் கொடியவனாக மாறுகிறார். அக்கொடியவன் ஒரு முதியவரை அடித்துக் கொல்கிறான். மருத்துவரோ, தீமைகளைச் செய்தவன் ஹைட்தான், நான் அல்லேன் என்று தம்மைத் தேற்றிக்கொள்கிறார். ஆனால் முதன்முதலில் மருந்துக் கிண்ணத்தை எடுத்த கை ஜெக்கிலின் கை. ஹைடுக்குத் தனி வீடு அமைத்துக் கொடுத்ததும், தம் உயிலில் அவன் பெயரை எழுதிவைத்ததும் ஜெக்கில்தான். அக்கதையின் கூர்மை அங்கே இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு தெளிவு தேவை. 2005-ல் வந்த ‘அந்நியன்’ திரைப்படத்தைப் பார்த்தவர்கள், ஒரே மனிதனுக்குள் ஒன்றையொன்று அறியாத ஆளுமைகள் இருப்பதாகக் காட்டியதை நினைவில் கொண்டிருப்பீர்கள். மனப்பிளவு சார்ந்த நோய்கள் உண்மையிலேயே உண்டு. திரையில் காட்டப்படுவதைப் போல அவை கொலைகாரரை உருவாக்குகின்றன என்று எண்ணுவது, அந்நோயால் வருந்துகிறவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதி. அவர்களுள் மிகப் பலர் பிறருக்குத் தீங்கு செய்யாதவர்கள். தாங்களே பெரும் காயம் பட்டவர்கள். சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறது. 1843-ல் இங்கிலாந்தில் மெக்நாட்டன் என்பவர் பிரதமர் ராபர்ட் பீலின் செயலர் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். மனநிலை பிறழ்ந்தவர் என்று நீதிமன்றம் அவரைத் தண்டனையிலிருந்து விடுவித்தது. அதையொட்டி எழுந்த கேள்விகளுக்கு நீதிபதிகள் வகுத்த நெறியே, 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவாக உருப்பெற்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 22-ஆம் பிரிவு. மனநோயால் தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறிய இயலாத நிலையில் செய்தவனைச் சட்டம் குற்றவாளி ஆக்குவதில்லை. ஆகவே அன்பானவர்களே, உங்கள் வீட்டில் ஒருவருடைய மனம் நோயுற்றிருந்தால் அதை இரட்டை வேடம் என்று கடிந்துகொள்ளாதேயுங்கள். ஜெபியுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். இரண்டில் ஒன்றை மற்றொன்றுக்குப் பதிலாக்க வேண்டாம்.

நான் இங்கே பேசுவது நோயைப் பற்றியன்று. நெஞ்சறிய அணியும் முகமூடியைப் பற்றியே. அரசனின் பட்டத்தைப் பெற்றுக்கொண்டு அரசனின் பிள்ளையைக் கொல்லத் திட்டமிடுகிறவன் தான் செய்வதை நன்கு அறிந்தே செய்கிறான். மூவர் சேர்ந்து செய்தால் பழி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதும் இல்லை. ஒரே எண்ணத்தோடு கூடிச் செய்த செயலுக்கு ஒவ்வொருவனும் தானே தனியாகச் செய்தவனைப்போல் பொறுப்பாளி என்றுதான் நம் நாட்டுச் சட்டமும் சொல்கிறது. சேர்ந்து செய்தோம் என்பதும், வேறொரு பெயரில் செய்தேன் என்பதும் பொறுப்பைக் குறைப்பதில்லை.

உடையார்குடிக் கல் இதோடு நின்றிருந்தால் நாம் அதை நீதியின் சாட்சி என்று மட்டுமே போற்றலாம். ஆனால் கல் மேலும் பேசுகிறது. உண்மையில் அக்கல்வெட்டு ஒரு நில ஆவணம். துரோகிகளின் உடைமையைப் பறிமுதல் செய்ய அரசன் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அனுப்பிய ஆணை அதில் இடம்பெற்றிருக்கிறது. அப்படிக் கைக்கொண்ட நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கி அறத்துக்குக் கொடுத்த செய்தியும் இருக்கிறது. கொலைகாரருக்கு மரண தண்டனை விதித்ததாக அதில் ஒரு சொல்லும் இல்லை. இருப்பது பறிமுதல் பட்டியலே. அப்பட்டியல் எவ்வளவு நீளமானது தெரியுமா? துரோகிகளின் தம்பிமார், அவர்களின் மக்கள், பெரியப்பன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், பெண் கொடுத்த மாமனார்கள், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள். இத்தனை பேரின் உடைமையும் அரச ஆணைக்கு உட்பட்டது.

சற்று நின்று எண்ணிப் பாருங்கள். கொலை நடந்து ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் ஆகிவிட்டன. வேறோர் ஊரில், வேறொரு வீட்டில், தன் பாட்டுக்கு வேளாண்மை பார்த்துக்கொண்டிருக்கிறான் ஒருவன். அவன் செய்தது, ரவிதாசனின் சகோதரியைத் திருமணம் செய்துகொண்டது மட்டுமே. ஒருவேளை கொலை நடந்த பின்பே அத்திருமணம் நடந்திருக்கலாம். அவன் நிலமும் போயிற்று. உடைமையை உறவினர் பெயரில் மாற்றி ஒளித்துவைப்பதைத் தடுக்கவே அரசன் இவ்வாறு ஆணையிட்டிருப்பான் என்று ஒருவர் வாதாடலாம். அதில் ஓரளவு நியாயமும் இருக்கலாம். ஆனால் கல்லில் அப்படியொரு விசாரணையின் பேச்சில்லை. உறவு என்பதே காரணம்.

குற்றவாளியின் இரு பெயர்களைச் சரியாக ஒன்றாக்கிய அதே ஆணை, குற்றமற்ற பலரையும் அவனோடு ஒன்றாக்கிவிட்டது.

வேதத்தில் ஏறக்குறைய இதே நிலைமையில் நின்ற ஓர் அரசனைக் காண்கிறோம். 2 இராஜாக்கள் 14-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். யூதாவின் ராஜாவாகிய யோவாசை அவனுடைய சொந்த ஊழியக்காரரே சதிசெய்து கொன்றார்கள். அரசனின் அப்பத்தைப் புசித்தவர்கள், அரண்மனையில் பதவி வகித்தவர்கள். அவன் மகன் அமத்சியா ராஜ்யபாரம் தன் கையில் உறுதிப்பட்டபோது, தகப்பனைக் கொன்றவர்களைத் தண்டித்தான். ஆனால் அவர்களின் பிள்ளைகளை அவன் கொல்லவில்லை. காரணத்தையும் வேதமே சொல்கிறது: பிள்ளைகளுக்காகத் தகப்பனும் தகப்பனுக்காகப் பிள்ளைகளும் கொலைசெய்யப்படக்கூடாது, அவனவன் தன்தன் பாவத்துக்குத் தானே பொறுப்பாளி என்று மோசேயின் நியாயப்பிரமாணத்தில் எழுதியிருந்தது. உபாகமம் 24:16-ல் அக்கட்டளை இருக்கிறது. அமத்சியா பரிபூரணமான அரசன் அல்லன். பின்னாளில் பெருமையினால் வீழ்ந்தவன். எனினும் பழிவாங்கும் உரிமையும் வல்லமையும் கையில் இருந்த அந்த நாளில், எழுதப்பட்ட ஒரு கட்டளைக்காகத் தன் கையை நிறுத்திக்கொண்டான். கல்லில் பட்டியல் நீளக்கூடிய இடத்தில் அவன் முற்றுப்புள்ளி வைத்தான்.

வேதத்தில் வேறு விதமான பகுதிகளும் உண்டல்லவா என்று உங்களில் சிலர் கேட்கலாம். உண்டு. ஆகானின் குற்றத்தில் அவன் வீட்டாரும் அழிந்ததை யோசுவா 7-ஆம் அதிகாரம் சொல்கிறது. அது வாசிக்கக் கடினமான பகுதியே. அதன் கடினத்தை நான் மழுப்பப்போவதில்லை. சவுல் கிபியோனியருக்குச் செய்த கொடுமைக்காக அவன் சந்ததியார் ஏழுபேர் தூக்கப்பட்டதை 2 சாமுவேல் 21-ல் படிக்கிறோம். ஆனால் அவ்வதிகாரத்தில் ஆவியானவர் நம் கண்ணை எங்கே நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். அறுப்பின் தொடக்கம் முதல் மழை பெய்யும்வரை கன்மலையின்மேல் இரட்டை விரித்து, பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் விரட்டிக்கொண்டிருந்த ரிஸ்பாள் என்னும் தாயின்மேல் நிறுத்துகிறார். அவள் செய்ததைக் கேட்டுத் தாவீது எலும்புகளைச் சேர்த்து அடக்கம்பண்ணினான். அதற்குப் பின்புதான் தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டருளினார் என்று வேதம் வரிசைப்படுத்துகிறது. பின்னாளில் எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தில், பிதாக்கள் தின்ற புளிப்புக்குப் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்னும் பழமொழியை இனி இஸ்ரவேலில் வழங்கவேண்டாம் என்று கர்த்தர் தாமே அடைத்துவிடுகிறார்.

இவ்வழக்கில் வரலாற்று அறிஞர்களும் குற்றத்தை யார்மேல் வைப்பது என்று பலவாறு ஆராய்ந்திருக்கிறார்கள். கொலையால் பயனடைந்தவன் உத்தம சோழன் என்பதால் அவனுக்கும் அதில் பங்குண்டு என்று கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். தி. வை. சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்காமல் மறுத்தார். பயன் பெற்றவன் என்பதனாலேயே ஒருவன் குற்றவாளி ஆகிவிடமாட்டான் என்பது எந்த நீதிமன்றத்துக்கும் பொதுவான நெறி. பழுவேட்டரையரைப் பற்றியோ, இக்கொலையில் அவர்களைத் தொடர்புபடுத்தும் சொல் உடையார்குடிக் கல்லில் இல்லை. முதலாம் பராந்தகனுக்குப் பெண் கொடுத்த குடி அது. இராசராசன் காலத்திலும் அவர்கள் தங்கள் நாட்டை ஆண்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. நம் மாவட்டத்து மன்னர்களைச் சதிகாரராக மனதில் வரைந்தது கதையே. கதையைக் கதையாக ரசிப்போம். அதைச் சாட்சிக்கூண்டில் ஏற்றவேண்டாம்.

இன்னொன்றையும் துணிந்து சொல்லவேண்டும். அத்திரைப்படம் வந்த நாட்களில், உடையார்குடிக் கல்வெட்டில் உள்ள பெயர்களைக் காட்டி, இன்று வாழும் ஒரு சமூகத்தார் முழுவதையுமே துரோகிகள் என்று தூற்றும் செய்திகள் கைப்பேசிகளில் உலாவின. அவற்றை நம் சபையாரும் பகிர்ந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மூன்று சகோதரர் செய்த குற்றத்துக்கு இன்று பள்ளிக்குச் செல்லும் ஒரு பிள்ளை எவ்விதத்தில் பொறுப்பு? அரசனின் பறிமுதல் பட்டியலாவது மருமகனோடு நின்றது. நம் பட்டியலோ நாற்பது தலைமுறைக்கு நீள்கிறது. நம் கிராமங்களில் சாதி மோதல் மூளும்போது நடப்பதும் இதுவே. ஒரு தெருவிலிருந்து ஒருவன் கத்தியை எடுத்தால், மறுநாள் அத்தெரு முழுவதற்கும் கடையில் பொருள் இல்லை, வயலில் வேலை இல்லை. குற்றவாளியைத் தேடுவதற்குப் பொறுமை வேண்டும். தெருவைக் கைகாட்டுவதற்கு ஒரு விரல் போதும்.

இதைவிட நமக்கு நெருக்கமான ஒரு காரியமும் உண்டு. சிறையில் இருக்கும் ஒருவனுடைய மனைவியை, அவன் பிள்ளைகளை, அவனைப் பெற்ற தாயை நம் ஊர்கள் எப்படி அழைக்கின்றன? அவர்களுக்கென்று இருந்த பெயர்கள் போய்விடுகின்றன. ‘கொலைகாரன் வீடு’ என்பதே பெயராகிவிடுகிறது. அவ்வீட்டுப் பெண்ணுக்கு வரன் வருவதில்லை. அவ்வீட்டுப் பையனுக்குப் பள்ளியில் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது. ஆராதனைக்கு வந்தால் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள். எந்த அரசனும் ஆணையிடாமலே, நாம் அவர்களின் நிலத்தைப் பறித்துக்கொண்டிருக்கிறோம். அமத்சியா தன் கையை நிறுத்திய இடத்தில் நம்முடைய நாவு நிற்கவேண்டாமா?

இனி நம்மை நோக்கிக் கேள்வியைத் திருப்புவோம். குற்றமற்றவர்மேல் பழியேற்றாதிருப்பது ஒரு பாதி. தன்மேல் உள்ள பழியை வேறொரு பெயரில் ஒளித்துவைக்காதிருப்பது மறு பாதி. தாவீதின் வரலாறு இதை நமக்குக் காட்டுகிறது. உரியாவைக் கொன்ற பட்டயம் அம்மோன் புத்திரருடையது; திட்டம் எழுதப்பட்ட நிருபத்தை எடுத்துச் சென்றவன் உரியா தானே; நிறைவேற்றியவன் யோவாப். எந்த மர்மக் கதை ஆசிரியனும் இதைவிடச் சாமர்த்தியமாகக் கொலையாளியை மறைத்துவிட முடியாது. நாத்தான் வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவானின் கதையைச் சொன்னபோது, தாவீது நீதிபதியாக எழுந்து தீர்ப்புச் சொன்னான். அந்த மனிதன் நீயே என்று தீர்க்கதரிசி உணர்த்திய கணத்தில், நீதிபதியும் குற்றவாளியும் ஒருவரானார்கள். தாவீதுக்கு அப்போது வழிகள் பல இருந்தன. செய்தவன் யோவாப் என்றிருக்கலாம். போரில் எவரும் சாவது இயல்பு என்றிருக்கலாம். அவன் அப்படிச் சொல்லவில்லை. கர்த்தருக்கு விரோதமாகத் தான் பாவஞ்செய்ததை ஒரே வாக்கியத்தில் அறிக்கையிட்டான். அவனுடைய மீட்பு அந்த வாக்கியத்தில் தொடங்கிற்று.

பவுல் ரோமர் 7-ஆம் அதிகாரத்தில், தான் விரும்பாத தீமையைச் செய்வது தனக்குள் வாசமாயிருக்கிற பாவமே என்கிறாரே, அதுவும் ஒருவகைப் பிளவல்லவா என்று கேட்கலாம். பிளவுதான், ஆனால் பவுல் அதை விடுதலை கோரும் வாதமாக வைக்கவில்லை. நான் நல்லவன், உள்ளே இருக்கும் மற்றவனைத் தண்டியுங்கள் என்று அவர் கேட்கவில்லை. அந்த வாதத்தின் முடிவில் தம்மையே நிர்ப்பந்தமான மனுஷன் என்றழைத்து, யார் என்னை விடுவிப்பார் என்று கதறுகிறார். தனக்குள் இருக்கும் போராட்டத்தை அறிவது வேறு; அதைச் சாக்காக்குவது வேறு.

ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பெயரும் திங்கட்கிழமையில் ஒரு பெயரும் நமக்கு இருக்கின்றனவா? சபையில் ‘சகோதரர்’ என்று அழைக்கப்படுகிறவர், வட்டிக் கணக்கில் வேறொருவராகிறாரா? ஜெபக்கூட்டத்தில் கண்ணீர் விடுகிறவர், வீட்டுக் கதவை மூடியபின் மனைவிமேல் கை நீட்டுகிறாரா? அது நான் அல்ல, குடி செய்தது, கோபம் செய்தது, அலுவலகத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லும் நாவு, ஜெக்கில் தம்மைத் தேற்றிக்கொண்ட அதே பேச்சைப் பேசுகிறது. உடையார்குடிக் கல்லில் உள்ள ‘ஆன’ என்னும் அச்சிறு சொல் நம் இரு பெயர்களுக்கும் நடுவில் எழுதப்பட்டிருக்கிறது. நம்மைப் படைத்தவர் நம்மை இரண்டாகப் பார்ப்பதில்லை.

கடைசியாக, கதையில் பெரிய பழுவேட்டரையர் பழியைத் தம் தலைமேல் ஏற்றுக்கொள்ளும் இடத்துக்கு ஒருமுறை திரும்புவோம். அவர் குற்றமற்றவர் அல்லர். எனினும் சாகவேண்டியிருந்த ஓர் இளைஞன் தப்பவேண்டும் என்று அவர் முன்வந்ததை வாசிக்கும் எவர் மனமும் இளகுகிறது. ஏன்? மற்றவன் குற்றத்தை ஒருவன்மேல் பலவந்தமாகச் சுமத்தினால் அது அநீதி. அதை ஒருவர் தாமே மனமுவந்து சுமந்தால் அது அன்பு. அரச ஆணை மருமகனின் நிலத்தைப் பிடுங்கியது. கல்வாரியிலோ, ராஜாவே துரோகிகளின் பட்டியலில் தம் பெயரை எழுதிக்கொண்டார். அவர் ஒருவரே பாவமறியாதவர். அவருக்கு இரண்டாவது முகம் இருந்ததில்லை. அவர் சுமந்ததனால்தான், நம் இரு பெயர்களையும் சேர்த்து உரக்கச் சொல்லி, ஆம் ஆண்டவரே, நானே என்று அறிக்கையிட நமக்குத் துணிவு உண்டாகிறது.

இவ்வாரத்தில் இரண்டு காரியங்களைச் செய்வீர்களாக. தனிமையில், ஒளித்துவைத்த அந்த மற்றப் பெயரைக் கர்த்தருக்கு முன்பாகச் சொல்லுங்கள். அதனால் காயம்பட்டவர் ஒருவர் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். பின்பு, உங்கள் தெருவில் பழியோடு வாழும் ஒரு வீட்டின் கதவைத் தட்டி, அங்கிருப்பவர்களை அவர்களுடைய சொந்தப் பெயரால் அழையுங்கள்.

ஜெபிப்போம். இருதயங்களை ஆராய்கிற தேவனே, எங்களை ஒரே மனமுள்ளவர்களாக்கும். நாங்கள் செய்ததை மற்றவர்மேல் வைக்காதபடியும், மற்றவர் செய்ததைக் குற்றமற்றவர்மேல் ஏற்றாதபடியும் எங்கள் நாவைக் காத்தருளும். சிறையில் இருப்போரையும், அவர்களுக்காக வாசலில் காத்திருப்போரையும் நினைத்தருளும். எங்கள் பழியைச் சுமந்த இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.